ஏலகிரியில் ஒயின் திராட்சை: தரகர் பேச்சை நம்பிக் கொடி நடலாமா?

கேள்வி: ஏலகிரியில் எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. "மலை உயரத்தில் பயோடைனமிக் என்ற இயற்கை விவசாய முறையில் விளைந்த சிவப்பு ஒயினுக்கு வெளிநாட்டில் ஏக கிராக்கி. ஷிராஸ் என்ற ஒயின் திராட்சைக் கன்றும் கொம்பு சாண உரமும் நானே தருகிறேன், பழத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு தரகர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

உயரத்தைப் பற்றி அவர் சொல்வது பாதி உண்மை. இரவுக் குளிரில் பழத்தின் புளிப்பு குறையாமல் நிற்கும். கடுமையான வெயிலில் தோல் தடித்துச் சாயம் ஏறும். அர்ஜென்டினாவின் சால்டா மலைப் பள்ளத்தாக்குகளில் 3,000 மீட்டருக்கு மேலும் மால்பெக் என்ற சிவப்பு ஒயின் திராட்சை விளைகிறது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்குகளில் ஆண்டு மழை சுமார் 200 மி.மீ.தான். நமக்கு அதைப்போல நான்கு மடங்கு பெய்கிறது. ஏலகிரியின் உயரமோ 1,100 மீட்டரை ஒட்டித்தான்.

மழைதான் உங்கள் எதிரி. திராட்சைக்குப் பேர்போன மகாராஷ்டிராவின் நாசிக் அட்டவணைப்படி அக்டோபரில் கவாத்து செய்யச் சொல்வார்கள். இங்கே அப்படி வெட்டினால், வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் பூ வரும். பூங்கொத்தில் ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் சில நாளில் கொத்தையே கருக்கிவிடும். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வெட்டுங்கள். மே மாதம் பழம் வரும். கோடை மழையில் கொஞ்சம் வெடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பயோடைனமிக் என்றால் மருந்தே இல்லை என்பது பொய். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை என்ற பூசண மருந்துக்கு அனுமதி உண்டு, ஆனால் அளவோடு. பயோடைனமிக் விளைபொருளுக்குத் தரும் டிமீட்டர் சான்று முத்திரைக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3 கிலோ தாமிரம்தான். மயில்துத்தத்தில் கால் பங்குதான் தாமிரம் என்பதால், ஏக்கர் கணக்கில் அது சுமார் 4.8 கிலோ மயில்துத்தம். ஒரு சதவீதக் கலவையை 200 லிட்டர் அடித்தால் 2 கிலோ தீர்ந்துவிடும். ஆக, வருடத்துக்கு இரண்டே முறை. அரை சதவீதமாகக் குறைத்தால் நான்கு முறை. துத்தத்தையும் சுண்ணாம்பையும் பிளாஸ்டிக் டிரம்களில் தனித்தனியே கரைத்துக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அடித்தால் இலை கருகும்.

கொம்பு சாண உரத்தில்தான் ஏமாற்று அதிகம். கன்று ஈன்ற பசுவின் கொம்பில் கறவைப் பசுவின் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து எடுப்பது அது. ஏக்கருக்கு 25 கிராம் போதும். 13 லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் இருபக்கமும் மாற்றி மாற்றிச் சுழற்றி, மாலையில் மண்ணில் தெளிப்பார்கள். நல்ல உரத்தில் சாண வாடை இருக்காது, காட்டு மண் வாசனைதான் வரும். மூட்டை மூட்டையாக விற்க வருகிறவர் உங்களுக்கு வெறும் சாணத்தைத்தான் விற்கிறார். கொம்பு உரம் பூசணத்தைத் தடுக்கவும் செய்யாது.

அடுத்தது விற்பனை. ஒயின் திராட்சை சின்னது, விதை நிறைந்தது; வாணியம்பாடி சந்தையில் கிலோ கணக்கில் யாரும் வாங்க மாட்டார்கள். உரிமம் இல்லாமல் நீங்களே ஒயின் செய்தால் வழக்கு. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. தோட்டக்கலைப் பக்கம் போனால் பன்னீர் திராட்சையைச் சொல்வார்கள், ஆயத்தீர்வைப் பக்கம் போனால் சாராயத்தைப் பற்றிப் பேசுவார்கள். பழத்துக்கும் மதுவுக்கும் நடுவே நிற்கும் விவசாயிக்குப் பதில் சொல்ல ஒரு மேசைகூட இல்லை. இத்தனை வருடமாக இதே கதைதான். தரகர் பிழைப்பதும் இதனால்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. நந்தி மலைப் பக்கம் உள்ளதுபோல உரிமம் பெற்ற ஒயின் ஆலை ஒன்று உங்கள் பெயரிலேயே நேரடியாக ஒப்பந்தம் எழுதினால் நடலாம். நேரடியாக என்றால் தரகர் பெயர் எங்கும் வரக்கூடாது. ஆலையின் உரிம எண் பத்திரத்தில் இருக்க வேண்டும். அறுவடையன்று அவர்கள் வண்டியே வர வேண்டும், அதுவும் விடியற்காலை, பழம் சூடேறுவதற்குள். எத்தனை பிரிக்ஸில் (பழச்சாற்றின் சர்க்கரை அளவு) எடுப்பார்கள், குறைந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். சிவப்பு ஒயினுக்கு 22 முதல் 24 வரை கேட்பார்கள். பிரிக்ஸை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை நீங்களே வாங்கி, கொத்தின் மேல், நடு, அடியிலிருந்து பழம் எடுத்துப் பாருங்கள். மேல் பழத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும்.

அந்தப் பத்திரம் கைக்கு வரும்வரை, ஒட்டுக்கன்று 20 மட்டும் நட்டு இரண்டு மழைக்காலம் பாருங்கள். மீதி நிலத்தில் சாமை போடுங்கள்.