மாமாவின் கிடார்களுக்கு பாலிஷ் போடலாமா?

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா போன ஊரிலெல்லாம் வாங்கிச் சேர்த்த எலக்ட்ரிக் கிடார், பேஸ் கிடார் எட்டு எங்களிடம் இருக்கின்றன. ஃபெண்டர், கிப்சன் என்று கம்பெனி பெயர் எழுதியிருக்கிறது. பார்க்க வந்த புரோக்கர், “பெயின்ட் உரிந்துவிட்டது. பாலிஷ் போட்டு, பிக்கப் மாற்றி வையுங்கள், மொத்தமாக ஒரே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். செய்யலாமா? அமெரிக்காவுக்கு அனுப்பி விற்க முடியுமா?
– வாசகர், சென்னை

பதில்: கூடவே கூடாது. காய்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள், அதோடு சரி. பழைய கிடாரில் உரிந்த பெயின்டுக்குத்தான் காசு. 1960களின் ஃபெண்டருக்கு மறுபடி பெயின்ட் அடித்தால் மதிப்பில் ஏறக்குறைய பாதி போய்விடும்.

பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகத்தை, மாற்றச் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. கிப்சன் 1957 முதல் சில ஆண்டுகள் போட்ட ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பின் அடியில் ‘பேட்டன்ட் அப்ளைடு ஃபார்’ (காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்) என்று சின்ன ஸ்டிக்கர் இருக்கும். கிடாரே இல்லாமல் அந்த ஜோடி மட்டும் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. கழற்றிய பழசு யாரிடம் போகும் என்று அவரைக் கேட்டீர்களா? “அது ஸ்கிராப் சார்” என்பார். சர்வீஸுக்கு விடுவதானாலும் உள்ளே இருப்பதை முதலில் போட்டோ எடுத்துக்கொண்டு விடுங்கள். வயர்களை இணைத்திருக்கும் பழைய ஈயப்பற்றை (சால்டர்) யாரும் தொடக்கூடாது.

‘மொத்தமாக ஒரே விலை’ என்பது அடுத்த பொறி. எட்டில் ஒன்று மற்ற ஏழையும் தூக்கிச் சாப்பிடும் விலைக்குப் போகலாம். எது அது என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஃபெண்டர் கம்பெனி 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் செய்தவற்றுக்குத்தான் போட்டி. எந்த ஆண்டுக் கிடார் என்று அறிய, அதன் பின்னால் உள்ள தகட்டின் நம்பரை மட்டும் நம்பவேண்டாம், தகட்டை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் 3046412 மாதிரி ஓர் எண் இருக்கும். 304 தயாரித்த கம்பெனியைக் குறிக்கும், 64 என்பது 1964, 12 என்பது பன்னிரண்டாவது வாரம். அந்தப் பாகம் ஒரிஜினல் என்றால் கிடார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. கிப்சன் என்று எழுதியிருப்பதையும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். கொல்கத்தா கம்பெனியான கிவ்சனின் கிடாரை கிப்சன் என்று நினைத்து என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு.

வெளிநாட்டுக்கு அனுப்பலாம், ஆனால் ஃபிரெட்போர்டின், அதாவது கம்பியை விரலால் அழுத்தும் கழுத்துப் பலகையின், மரத்தைப் பாருங்கள். வெளிர்நிற மேப்பிள் என்றால் கவலையில்லை. கருஞ்சிவப்பு ரோஸ்வுட் என்றால் எந்த ஊர் ரோஸ்வுட் என்பது முக்கியம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமா? 2019 நவம்பர் முதல், செய்து முடித்த இசைக்கருவிக்கு அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டா? அந்த விலக்கு இதற்குக் கிடையாது. 1992 ஜூன் 11 முதல் அது அந்த ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே எடுத்த மரம் என்று சான்றிதழ் வாங்கியாக வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை ஃபெண்டரும் கிப்சனும் பெரும்பாலும் பிரேசில் மரத்தைத்தான் போட்டார்கள். ஆக, உங்களிடம் விலை அதிகம் போகக்கூடிய கிடார்தான் இந்தச் சிக்கலிலும் மாட்டும். இரண்டு மரங்களும் ஒரே குடும்பம், பார்த்துப் பிரித்தறிவது எனக்கே கஷ்டம். சான்றிதழ் தரும் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது, அதனால் “பில் கொண்டு வாங்க” என்பார். மாலுமி ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய கிடாருக்கு ஐம்பது வருடத்துப் பில்! மரத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிற விதியை யார் எழுதினார்களோ, அவர்களை ஒரு நாள் அந்த வரிசையில் நிறுத்த வேண்டும். “கிடார் என்று எழுதாமல் அனுப்பிவிடலாம்” என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடிபட்டால் கிடார் பறிமுதல், அவர் போனை எடுக்கமாட்டார்.

மாமாவின் பெட்டிகளை உறையின் உள்பாக்கெட் வரை துழாவுங்கள். வாங்கிய ரசீது, கஸ்டம்ஸ் சீட்டு, கிடாரோடு எடுத்த பழைய போட்டோ, எது கிடைத்தாலும் அந்தக் கவுன்டரில் உதவும்.