ஏஜென்ட் ‘இல்லை’ என்று போடச் சொல்கிறார், போடலாமா?

கேள்வி: நான் தங்கச்சிமடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அண்ணன் ஐந்து வருடமாக அமெரிக்காவில், டெக்சாஸில், எச்-1பி விசாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன மாதம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பாவும் அம்மாவும் ஒருமுறை வந்து பேத்தியைப் பார்க்க வேண்டும் என்கிறான். அப்பாவுக்கு 64 வயது. சொந்தமாக ஒரு விசைப்படகு இருக்கிறது. இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை, தம்பிதான் போகிறான். 2013-ல் அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், யாழ்ப்பாணம் சிறையில் 40 நாள் இருந்துவிட்டு வந்தார். ராமநாதபுரத்தில் நாங்கள் பார்த்த ஏஜென்ட், ‘அதைச் சொன்னால் விசா கிடைக்காது, கைதானது உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டுவிடலாம்’ என்கிறார். அப்பாவை மீன் ஏற்றுமதியாளர் என்று காட்டவும், கடன் வாங்கியாவது வங்கியில் 10 லட்சம் போட்டு வைக்கவும் சொல்கிறார். அப்பா பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கிறது, குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. இரண்டையும் மாற்றத் தனிப் பணம் கேட்கிறார். அம்மாவுக்கு இருப்பது ஒரே கேள்வி: கருவாடு கொண்டு போகலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முதலில் அந்த ஏஜென்டிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள், சகோதரி. மற்றதை அப்புறம் பேசுவோம்.

அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு டி.எஸ்.-160 என்று ஒரு படிவம். இணையத்தில் நிரப்ப வேண்டும், அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அதில் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா? மன்னிப்புப் பெற்று விடுதலை ஆகியிருந்தாலும் சொல்லவும்’ என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். இந்த நாட்டில், அந்த நாட்டில் என்ற பிரிவினை அதில் கிடையாது. ஆகவே அப்பாவின் பதில் ‘ஆம்’. வேறு பதில் இல்லை.

அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. அதை ஏஜென்ட்கள் வாசித்துக் காட்டுவதில்லை. ‘ஆம் என்று பதில் சொன்னாலே தகுதி போய்விட்டதாகப் பொருள் இல்லை’ என்று அந்தப் படிவமே சொல்கிறது. ‘ஆம்’ என்றதும் விளக்கம் எழுத ஒரு பெட்டி திறக்கும். அங்கே நான்கு வரி போதும்: ‘2013-ல், இன்ன மாதம், மீன்பிடிக்கச் சென்றபோது இலங்கைக் கடல் எல்லைக்குள் வந்ததாக அந்நாட்டுக் கடற்படை கைது செய்தது. யாழ்ப்பாணம் சிறையில் 40 நாள் இருந்தேன். இன்ன தேதியில் விடுதலை செய்யப்பட்டு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டேன். வேறு வழக்கு எதுவும் இல்லை.’ இதை ஆங்கிலத்தில் நீங்களே எழுதிவிடுவீர்கள். கச்சத்தீவு யாருக்குச் சொந்தம் என்ற வாதத்தை அந்தப் பெட்டிக்குள் கொண்டு போக வேண்டாம். அதற்கு நம் ஊர் டீக்கடைகள் இருக்கின்றன.

விடுதலை உத்தரவின் நகல் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், அப்பாவை மீட்கச் சொல்லி அப்போது கலெக்டருக்கோ மீன்வளத்துறைக்கோ கொடுத்த மனு, பத்திரிகையில் பெயரோடு வந்த செய்தி, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். படகுச் சங்கத்தில் யாராவது ஒருவர் பிடிபட்டவர்களின் பழைய பட்டியலை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருப்பார். பிடிபட்டது உண்மை, மீன் பிடிக்கப் போனபோதுதான் பிடிபட்டார் என்பதும் உண்மை. போதைப்பொருள் கடத்தியவரையும் வலை வீசப் போனவரையும் விசா அதிகாரி ஒரே தட்டில் வைப்பதில்லை. கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்று சில வாரங்களோ மாதங்களோ கோப்பை நிறுத்தி வைக்கலாம். அதற்குத்தான் முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்கிறேன்.

‘இல்லை’ என்று போட்டால் என்ன ஆகும்? மாட்டாமல் போகலாம். மாட்டினால், 40 நாள் சிறை விவகாரம் பின்னால் போய், பொய் சொன்னது முன்னால் வந்து நிற்கும். விசாவுக்காக முக்கியமான உண்மையை மறைத்தவரை வாழ்நாள் முழுவதும் உள்ளே விடாமல் தடுக்க அமெரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. படிவத்தின் முடிவில் உறுதிமொழி கொடுப்பது அப்பா. ஏஜென்ட் அல்ல. ‘இதை நிரப்ப யாராவது உதவினார்களா?’ என்றும் படிவம் கேட்கும். அங்கே உங்கள் பெயரைப் போடுகிறோம் என்று அந்த ஏஜென்டிடம் சொல்லிப் பாருங்கள். முகம் போகிற போக்கில் உங்களுக்கு மீதி புரிந்துவிடும்.

எனக்கு இதில் சொந்தச் சூடு உண்டு. தேவிபட்டினத்தில் இருக்கும் என் சின்னம்மா, மகள் பிரசவத்துக்காக விண்ணப்பித்தார். நிரப்பிக் கொடுத்தவர், ‘கம்மியாகச் சொன்னால்தான் கொடுப்பார்கள்’ என்று 15 நாள் சுற்றுலா என்று போட்டுவிட்டார். சின்னம்மாவுக்கு அது தெரியாது. நேர்காணல் ஜன்னலில் கேட்டார்கள், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று. ‘புள்ள பொறந்து, அவ எந்திரிச்சு நடமாடுற வரைக்கும்’ என்றார் சின்னம்மா. முடிந்தது. மறு வருடம் நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாயால் சொன்னதையே எழுதினேன். அந்த முறை கிடைத்தது. முதல் முறை கட்டிய பணம் போனது போனதுதான். கட்டணம் இப்போது ஒருவருக்கு 185 டாலர். மறுத்தாலும் திரும்பத் தரமாட்டார்கள்.

மறுப்பது பெரும்பாலும் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) என்ற பிரிவில்தான். அந்தச் சட்டம், விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை, திரும்பி வருவேன் என்று காட்ட வேண்டியது விண்ணப்பிக்கிறவர் பொறுப்பு. இதைக் கேட்டவுடன் எல்லோரும் பத்திரமும் பட்டாவும் வங்கிக் கணக்குமாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கடற்கரையில் எத்தனை பேர் வீட்டுக்குப் பட்டா இருக்கிறது? அதிகாரி அந்தக் காகிதங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் போகலாம். அவர் பார்ப்பது ஆளை. இந்த மனிதருக்கு ஊரில் என்ன பிடிமானம், இரண்டு மாதம் கழித்து இவர் எதற்காகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் அப்பாவுக்கு அந்தப் பதில் கையிலேயே இருக்கிறது. வேறு தொழில்காரர்களுக்கு வாய்க்காத பதில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில். அந்த நாளில் போய்விட்டு, தடை முடிவதற்குள் திரும்புகிற மாதிரி திட்டமிடுங்கள். ‘எத்தனை நாள்?’ என்றால் ‘தடைக்காலம் முடியுற வரைக்கும், ரெண்டு மாசம்.’ ‘ஏன் திரும்பணும்?’ என்றால் ‘போட்டு கடல்ல எறங்கணும்ல.’ இதற்கு மேல் ஒருவர் என்ன காரணம் காட்ட வேண்டும்? படகின் பதிவுச் சான்று, கடலுக்குப் போக மீன்வளத்துறை தருகிற டோக்கன் சில, மீனவர் நலவாரிய அட்டை, இவை கையில் இருக்கட்டும். கேட்டால் கொடுக்கலாம். (ஒன்று மட்டும்: தடைக்காலம்தான் போட்டைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கிற காலமும். அதைத் தம்பி தனியாகப் பார்த்துக்கொள்வான் என்று அப்பாவை நம்ப வைப்பது விசா வாங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கலாம். அந்தப் பஞ்சாயத்து உங்கள் வீட்டோடு.)

ஆகையால் ஏற்றுமதியாளர் வேஷம் வேண்டாம். எந்த நாட்டுக்கு, எத்தனை கண்டெய்னர் என்று அடுத்த கேள்வி வந்தால் அப்பா எங்கே போவார்? மீனவர், சொந்தப் படகு, இப்போது மகன் ஓட்டுகிறான் என்பதே மரியாதையான தொழில்தான். 10 லட்சமும் வேண்டாம். போன வாரம் திடீரென்று வந்து விழுந்த பணம் கணக்கைப் பார்த்தாலே தெரியும். செலவு யாருடையது? மகனுடையது. அதையே சொல்லலாம். அண்ணனிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதம், வேலைச் சான்று, சம்பளச் சீட்டு, அவர் விசா ஒப்புதலின் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்புக் கடிதம் கட்டாயம் கிடையாது. இருந்தால், அதில் எழுதிய நாள் கணக்கும் படிவத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இ.சி.ஆர். பற்றி. நம் பக்கத்தில் இ.சி.ஆர். என்றால் தொண்டி, தேவிபட்டினம் வழியாக வரும் சாலை, இல்லாவிட்டால் சவூதி போகிறவர் பாஸ்போர்ட். இரண்டுக்கும் டெக்சாஸுக்கும் சம்பந்தமில்லை. வளைகுடா, மலேசியா போன்ற குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான சோதனை அது. மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறவருக்கு அது தடையே இல்லை. மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

குடும்பப் பெயர் காலியாக இருப்பதும் தமிழ்நாட்டில் சாதாரணம். படிவத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை அப்படியே எழுதுங்கள். இயற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்று ஆங்கில எழுத்து. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். விசாவிலும் அப்படியே அச்சாகி வரும். ‘அப்பா பேரே தெரியாதாம்’ என்று வீட்டில் கொஞ்ச நாள் கேலி நடக்கும், அவ்வளவுதான். விமான டிக்கெட் போடுவதற்கு முன் பெயரை எப்படி எழுதுவது என்று விமான நிறுவனத்தில் அண்ணன் கேட்டுக்கொள்ளட்டும்.

பணம் கட்டிய பிறகு இரண்டு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும். ஒன்று கைரேகையும் போட்டோவும், இன்னொன்று நேர்காணல். இரண்டும் சென்னையில் போடலாம், அடுத்தடுத்த நாளில் அமைந்தால் ஒரே பயணம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்தே மறுபடி ரயில் கிடைக்கிறதே, ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். அமெரிக்கத் துணைத் தூதரகம் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது. செல்போனை உள்ளே விடமாட்டார்கள், நீங்கள் கூடப் போய் வெளியே நின்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆவதுண்டு. அடுத்த தடைக்காலத்துக்குப் போக வேண்டுமென்றால் இந்த வாரமே படிவத்தைத் திறங்கள்.

நேர்காணலைத் தமிழில் கேட்டு வாங்கலாம். சில நிமிடம்தான். அதற்காக அப்பாவுக்கு வசனம் சொல்லிக் கொடுக்காதீர்கள். அண்ணன் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன விசாவில் இருக்கிறான், குழந்தை பெயர் என்ன என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். கைதானதைப் பற்றிக் கேட்டால், படிவத்தில் எழுதியதை அவர் பேச்சில் சொல்லட்டும். அம்மாவிடம் ஒன்று சொல்லி வையுங்கள். ‘பேத்தியைப் பார்க்கப் போறேன்’ என்பதும் ‘பேத்தியைப் பார்த்துக்கப் போறேன்’ என்பதும் நமக்கு ஒன்றுதான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டாவது வேலை மாதிரி கேட்கும். இது வார்த்தை ஜாலத்துக்காகச் சொல்வதல்ல. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போக, குழந்தைக் காப்பகத்துக்குப் பதிலாக அம்மா என்பதுதான் உண்மையான கணக்கு என்றால், அது சுற்றுலா விசாவுக்கான பயணம் இல்லை. அதை அண்ணனிடம் இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பாட்டி பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை யாரும் வேலை என்று சொல்லப் போவதில்லை.

விசா கிடைத்தால் வழக்கமாகப் பத்து வருடத்துக்குக் கொடுப்பார்கள். பத்து வருடம் அங்கே இருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் என்பதை அங்கே விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்வார், பெரும்பாலும் ஆறு மாதம் வரை. ஐ-94 என்ற பதிவில் அந்தத் தேதி இருக்கும். அந்தத் தேதியைத் தாண்டக் கூடாது. 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டுத் திரும்பினால் மூன்று வருடம், ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடம் மறுபடி நுழைய முடியாது.

மருத்துவக் காப்பீட்டை அண்ணன் தலையில் கட்டுங்கள். நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது, அங்கே ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தால் வருகிற பில்லுக்குப் போட்டை விற்க வேண்டியிருக்கும். பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குச் செலவு தருமா என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். பல திட்டங்கள் தராது. மாத்திரைகளை இரண்டரை மாதத்துக்கு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள்.

அம்மாவுக்கு: கருவாடு கொண்டு போகலாம். சொந்த உபயோகத்துக்கு அளவாகக் கொண்டு போகும் மீன், இறால், உலர்ந்ததானாலும், அமெரிக்கச் சுங்கத்தில் அனுமதி உண்டு. கேட்கும்போது ‘இருக்கிறது’ என்று சொல்லிவிட வேண்டும், மறைத்தால் அபராதம். கறி, கோழி, அவை போட்ட மசாலாப் பொட்டலம், பச்சைக் காய் பழம் வேண்டாம். பேத்திக்கு அழகாக இருக்கும் என்று கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுத்து வைக்கவும் விடாதீர்கள். அது நம் நாட்டுச் சட்டத்திலேயே குற்றம். நெத்திலியை நன்றாகக் காய வைத்து, மூன்று கவர் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். பெட்டியில் அண்ணியின் புடவைகளுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.