நாலு அங்குலம்தானே என்று அறுக்கலாமா?

கேள்வி: ஏற்காடு நாகலூரில் எங்களுக்கு நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். அப்பாவின் ஒற்றைக்குழல் தோட்டாத் துப்பாக்கி முறைப்படி என் லைசென்ஸுக்கு மாறிவிட்டது. குழல் 30 அங்குலம். செடிக்குள் நடந்தால் கிளையில் மாட்டுகிறது. கீழே விழுந்து நுனியும் நசுங்கிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், அங்கே ரைபிள் குழலை 16 அங்குலம் வரை குறைக்கலாம் என்கிறார். சேலத்தில் லேத் பட்டறைக்காரர் அரை மணி நேர வேலை என்கிறார். 26 அங்குலம் விட்டு மீதியை எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. அதை லேத் பட்டறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் மைத்துனர் சொல்வது அந்த நாட்டுச் சட்டம். அங்கே ரைபிளுக்கு 16, ஷாட்கன்னுக்கு 18 அங்குலம். அதற்குக் கீழே போனால் அரசிடம் தனியாகப் பதிய வேண்டும். ரைபிள் குழலின் உள்ளே சுருள் கோடுகள் வெட்டியிருக்கும். உங்களுடையது அந்தக் கோடுகள் இல்லாத வழவழப்பான குழல், அதாவது ஷாட்கன், ரைபிளே இல்லை. அந்த 16 அங்கேயே உங்களுக்குப் பொருந்தாது.

நம் 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்திலும் ஒரு 20 அங்குலக் கணக்கு உண்டு. குழப்பமே அதில்தான். 13ஆம் பிரிவு, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரும்போது, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்கிறது. அதுவரை அறுத்துக்கொள்ளலாம் என்று எங்கும் சொல்லவில்லை. 6ஆம் பிரிவு, குழலைக் குறைக்கும் வேலைக்கே தனி லைசென்ஸ் கேட்கிறது. மிச்சம் எத்தனை அங்குலம் என்று அது பார்ப்பதில்லை. 30ஐ 29 ஆக்கினாலும் குற்றம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 வருடம், ஆயுள் வரை போகலாம். அறுத்துக் கொடுக்கும் பட்டறைக்காரரும் மாட்டுவார்.

பல வருடங்களுக்கு முன் மலையடிவாரத்து விவசாயி ஒருவருக்காக அஸ்தம்பட்டி கோர்ட்டில் ஆஜரானேன். அவரும் நாலு அங்குலம்தான் எடுத்திருந்தார். மேசையில் வைத்த துப்பாக்கியைப் பார்த்ததுமே எனக்கு மனசு விட்டுப்போனது. நுனியில் ஹாக்சா பிளேடு ஓடிய கோடுகள் அப்படியே இருந்தன. குறி பார்க்கும் பித்தளை மணி அறுத்த துண்டோடு போய்விட்டது. லைசென்ஸில் இருந்த விவரமும் துப்பாக்கியும் ஒத்துப்போகவில்லை. நல்ல மனிதர், காட்டுப்பன்றிக்குப் பயந்து செய்தது. வாய்தா வாய்தாவாக நடந்தே ஓய்ந்துபோனார்.

வேலைக்கும் அது கெடுதல். பல குழல்களில் நுனிப்பக்கம் உள்ளே சற்று குறுகியிருக்கும், சோக் என்பார்கள். தோட்டாவுக்குள் இருக்கும் ரவைக் குண்டுகளைச் சேர்த்து அனுப்புவது அதுதான். அறுத்தால் ரவை சிதறும்.

சரி, என்ன செய்வது? முதலில், நசுங்கிய குழலில் சுடவே சுடாதீர்கள். வெடித்துக் கையோடு போகும். தோட்டாவை எடுத்துவிட்டு, உறை போட்டு, லைசென்ஸோடு ஆயுதம் பழுதுபார்க்க உரிமம் பெற்ற கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடைக்காரர் குழலை வெட்டியே ஆகவேண்டும் என்றால் அதை எழுதி வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை கை வைக்கவேண்டாம். நீளம்தான் தொந்தரவு என்றால், இதை விற்றுவிட்டுக் குட்டையானது வாங்க அனுமதி கேட்பதே மேல். விற்கும் முன் எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் பொறுக்கவேண்டும்.

மைத்துனரிடம் 6ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். பட்டறைக்காரரிடமும் சொல்லிவையுங்கள், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.