வீட்டிலேயே சீன மொழி: தமிழிலிருந்தே தொடங்குங்கள்

கேள்வி: என் கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சீனாவிலிருந்து வருகிறவர்களோடு அங்கே பேச்சும் பழக்கமும் அதிகம். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 3. இருவருக்கும் சீன மொழி சொல்லிக்கொடுக்க ஆசை. எங்களுக்கோ ஒரு சொல்கூடத் தெரியாது. வீட்டிலேயே முடியுமா?
– ஒரு தாய், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: முடியும், அம்மா. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். தமிழ்க் குழந்தைக்குச் சீனத்தில் பாதி வழி ஏற்கெனவே தெரியும்.

முதலில் காது. பொதுச் சீனமான மாண்டரினில் நான்கு தொனிகள். 'மா' என்பதை உயர்த்தி ஒரே சீராக நீட்டினால் அம்மா. ஏற்றிச் சொன்னால் சணல். தாழ்த்தி எழுப்பினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுதல். இது அச்சமூட்டும் விஷயமே இல்லை. நீங்கள் கூப்பிட்டதும் "ம்?" என்று மகள் கேட்கிறாளே, அந்த ஏற்றம்தான் இரண்டாவது தொனி. சலித்துக்கொண்டு "ம்!" என்று வெட்டுகிறாளே, அது நான்காவது. இந்த இரண்டையும் ஒரு வாரம் விளையாட்டாகச் சொல்ல வையுங்கள். அம்மாவுக்குச் சீனத்தில் 'மாமா' என்று பெயர். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மறக்கவே மாட்டார்கள்.

அடுத்தது மூச்சு. பின்யின் என்பது சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை. 1958-இல் சீன அரசு ஏற்றது. அதில் 'b' என்ற ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் வருவது நம் 'பல்', 'பால்' என்பவற்றின் முதல் ஒலிதான். அதே ஒலியை மூச்சு வெடிக்கச் சொன்னால் வேறு சொல். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வாய்க்கு முன் பிடியுங்கள். அப்பாவைக் குறிக்கும் 'பா' சொல்லும்போது காகிதம் அசையக் கூடாது. அச்சத்தைக் குறிக்கும் 'பா' சொன்னால் படபடக்க வேண்டும். இரண்டுக்கும் தொனி ஒன்றே. இதை என் மாணவர்கள் மணிக்கணக்கில் விளையாடுவார்கள். மனிதனைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலம் வழியே படித்தவர்கள் 'ரென்' என்பார்கள். நம் ழகரத்தோடு 'ழென்' என்றால் இன்னும் நெருங்கிவிடும்.

பின்யினை இப்போதே கொடுக்காதீர்கள். நான் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு சிறுமிக்கு முதல் வாரமே கொடுத்தேன். பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என எழுத்துகள் மோதி, அவள் இரண்டிலும் தடுமாறினாள். ஆங்கில வாசிப்பு உறுதிப்படட்டும். ஏழு வயதில் போதும்.

உறவுச் சொற்களில்தான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. அக்கா வேறு, தங்கை வேறு. அண்ணன் வேறு, தம்பி வேறு. சீனத்திலும் அப்படியே. மகனை 'தீதி' என்று அழைக்க உங்கள் மகளுக்கு விளக்கமே தேவையில்லை, தம்பி என்றால் போதும். எண்களும் அப்படித்தான்: இருபதுக்குச் சீனச் சொல் 'இரண்டு பத்து'. "சாப்பிட்டாயா?" என்று அவர்களும் நலம் விசாரிப்பார்கள். நாம் 'ஆ' சேர்த்துக் கேள்வியாக்குவதுபோல அவர்கள் கடைசியில் 'மா' சேர்ப்பார்கள்.

உங்கள் உச்சரிப்பைக் குழந்தைகளுக்கு மாதிரியாக வைக்காதீர்கள். சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் ஒலிப்பதிவுதான் ஆசிரியர். நீங்கள் கூடப் படிக்கும் மாணவி. தினமும் 15 நிமிடம், அதே நேரத்தில். சீன எழுத்தை மகளுக்கு மட்டும், தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுத வையுங்கள்: மரத்துக்கு ஓர் எழுத்து, அது இரண்டு சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு. சீனாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் எளிய வடிவங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுவர்களுக்கான ஒய்.சி.டி. என்ற சீன மொழித் தேர்வின் முதல் நிலைக்கு 80 சொற்கள் போதும். முதல் ஆண்டுக்கு அந்த அளவே இலக்காக இருக்கட்டும். விருந்தினர் வந்ததும் "சீனத்தில் பேசிக் காட்டு" என்று மட்டும் கேட்காதீர்கள். நன்றாகப் பேசிய பிள்ளைகளும் அதோடு வாயை மூடிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.