மாலை வேளைக் கூடுதல் மாத்திரை பிழையன்று
வணக்கம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்துவரும் தங்கள் தம்பிக்கு, ஏஆர்டி (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரையோடு, மாலைக்கென்று தனியாக 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் கொடுத்திருப்பது பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். பிழையன்று, சரியான தேர்வே. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, டோலுடெக்ராவிரை விரைவாகச் சிதையச் செய்வதால், இரத்தத்தில் அதன் அளவு குறைந்துவிடும். அதை ஈடுகட்டவே 12 மணி நேர இடைவெளியில் இரண்டாவது வேளை. ரிஃபாம்பிசின் முடிந்த அன்றே இந்த இரண்டாவது வேளையை நிறுத்திவிட வேண்டாம் (பலர் தவறுவது இங்கேதான்). அந்தத் தூண்டல் அடங்கும் வரை, மேலும் 2 வாரம் தொடர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோ அமில முறிவு மருந்தோ எடுப்பதாயின், டோலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ விழுங்குவது நல்லது. டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் ஆகையால், கிரியாட்டினின் பரிசோதனை செய்தார்களா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.