கொலாஜ் அட்டை ஏன் வளைகிறது?

கேள்வி: நாளிதழ், கலர் டிஷ்யூ, பழைய பில்கள் எல்லாவற்றையும் கிழித்து, சார்ட் அட்டையில் ஃபெவிகாலால் ஒட்டி அரூபக் கொலாஜ் செய்கிறேன். காய்ந்ததும் அட்டை வளைகிறது, நடுநடுவே குமிழி வருகிறது. சில மாதங்களிலேயே நாளிதழ்த் துண்டுகள் மஞ்சளாகிவிட்டன. என்ன செய்வது?

பதில்: வளைவுக்குக் காரணம் பசையில் இருக்கும் தண்ணீர். ஈரம் பட்டதும் காகித நார் ஊறிப் பருக்கிறது, தாள் விரிகிறது. காயும்போது அதே தாள் சுருங்கி, அடியில் இருக்கும் அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. சார்ட் அட்டைக்கு அந்த இழுப்பைத் தாங்கும் பலம் கிடையாது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்) பருத்தித் தாளுக்கோ கெட்டியான பைண்டிங் அட்டைக்கோ மாறுங்கள். அப்புறம், பின்பக்கத்திலும் ஒரு முழுத் தாளை ஒட்டிவிடுங்கள். இருபுறமும் இழுப்பு சமமானால் அட்டை பெரும்பாலும் நேராக நிற்கும்.

குமிழி வருவது அவசரத்தால். பசை தடவிய உடனே ஒட்டினால், தாள் ஒட்டிய இடத்திலேயே விரியப் பார்த்து உப்பிக்கொள்கிறது. தடவிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துணியால் நீவி, மேலே பட்டர் பேப்பர் விரித்து, கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு இரவு விடுங்கள். ஃபெவிகாலில் நிறைய தண்ணீர் கலக்காதீர்கள். மைதாப் பசை காய்ச்சுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, நாளடைவில் தாளையும் அரிக்கும். வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று தோன்றலாம். அரூபப் படைப்பில் கண் பற்றிக்கொள்ள முகமோ மரமோ இல்லை. தவறி விழுந்த ஒரு சுருக்கம்கூட நீங்கள் போட்ட கோடாகவே தெரியும். சுருக்கம் பிடித்திருந்தால் தாளைக் கசக்கி, வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே வையுங்கள்.

அதனால் ஒட்டுவதற்கு முன் அடுக்கிப் பாருங்கள். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘நத்தை’ (1953) என்ற கொலாஜ் இருக்கிறது, கிட்டத்தட்ட 2.9 மீட்டர் சதுரம். வெள்ளைத் தாளில் குவாஷ் என்னும் கெட்டியான நீர்வண்ணம் பூசி, வெட்டி, ஊசியால் குத்தி நகர்த்தி நகர்த்திப் பார்த்து, இடம் உறுதியான பிறகே துண்டுகள் ஒட்டப்பட்டன. இந்தப் பழக்கத்தை நான் எல்லோருக்கும் சொல்வேன்.

நாளிதழ் மஞ்சளாவதைப் பசையால் தடுக்க முடியாது. மரக்கூழில் நீக்கப்படாமல் தங்கிவிடும் லிக்னின் என்னும் பொருள்தான் வெளிச்சமும் காற்றும் பட்டு நிறம் மாறுகிறது. பிடித்த பக்கத்தை அமிலமற்ற தாளில் லேசர் பிரிண்ட் எடுத்துக் கிழியுங்கள். இங்க்ஜெட் மை பெரும்பாலும் ஈரத்தில் கரையும். ஏடிஎம் சீட்டும் பெட்ரோல் பில்லும் பெரும்பாலும் மையில்லாமல் சூட்டால் எழுத்து பதியும் தெர்மல் தாள்; எழுத்து மறைந்தே போகும், அவற்றையும் நகல் எடுத்துவிடுங்கள். கலர் டிஷ்யூவின் சாயம் வெயிலில் வெளுக்கும். வெள்ளை டிஷ்யூவில் நீங்களே அக்ரிலிக் பூசிக்கொண்டால் நிறம் நிற்கும், கடையில் கிடைக்காத சாயலும் கிடைக்கும்.

ஏற்கெனவே வளைந்தவற்றின் பின்பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே பாரம் வைத்து இரண்டு நாள் விடுங்கள். மை கரையுமா என்று ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். குமிழி இருந்தால் பிளேடால் சின்னதாகக் கீறி, ஊசி முனையால் பசை விட்டு அழுத்தினால் போதும்.