கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்: டவுன் பார்க்கிங் கேள்வி பதில்

இலங்கை மலைநாட்டு நகர சபை ஒன்றின் வருமானப் பகுதியில் 22 வருடம் இருந்தேன். பார்க்கிங் டிக்கட் புத்தகங்களுக்கு முத்திரை குத்துவது, குத்தகைக் கணக்குப் பார்ப்பது, ஆட்கள் கொண்டு வரும் முறைப்பாட்டைக் கேட்பது எல்லாம் என் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தலவாக்கலை, வான் சாரதி: டிக்கட் கிழிக்கும் பையன் பலகையில் போட்டிருப்பதைவிடக் கூடக் கேட்கிறான். கொடுக்காவிட்டால் லைசனைப் பிடுங்குவேன் என்கிறான். முடியுமா அண்ணா?

முடியாது தம்பி. பார்க்கிங் கட்டணம் சபைக்குச் சேர்வது. தண்டப்பணம் பொலிஸ் எழுதுவது. இரண்டும் வேறு. லைசனை வாங்கி வைக்கும் அதிகாரம் பொலிஸுக்குத்தான். டிக்கட் பையனுக்கும் இல்லை, அவனை வேலைக்கு வைத்த குத்தகைக்காரருக்கும் இல்லை.

அவன் ஏன் அப்படி நெருக்குகிறான் என்பதையும் சொல்கிறேன். பல சபைகள் பார்க்கிங்கைத் தாங்களே அறவிடுவதில்லை. கேள்விமனு கோரி, கூடிய தொகை போட்டவருக்குக் குத்தகைக்கு விடுகின்றன. அவர் சபைக்குக் கட்ட வேண்டிய தொகை முன்பே முடிவாகிவிடும். மழை பெய்து டவுனில் ஆள் இல்லாத நாளிலும் அந்தத் தொகை குறையாது. அதனால் பையன்களை விரட்டுவார். ஆனால் எவ்வளவு எடுக்கலாம் என்று தீர்மானிப்பது சபை. குத்தகைக்காரர் தன் இஷ்டத்துக்கு அதில் ஒரு ரூபாய்கூட ஏற்ற முடியாது.

ஆகவே ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். டிக்கட்டில் சபையின் பெயர், தொடர் இலக்கம், தொகை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கூட வாங்கினால் டிக்கட்டையும் பலகையையும் போனில் படம் எடுத்து, சபைச் செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு அன்று மாலையே மறந்துபோகும். என் மேசையிலேயே அப்படி எத்தனையோ போயிருக்கிறது.

கொட்டகலை: எங்கள் பக்கம் எந்தச் சபைக்குக் கீழே?

கொட்டகலைப் பிரதேச சபை. முன்பு நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டு பெரிய பிரதேச சபைகள் இருந்தன. 2018 தேர்தலோடு அவை ஆறாயின: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. பழைய ஞாபகத்தில் வேறு அலுவலகத்துக்குப் போய் ஒரு நாள் சம்பளத்தை விடாதீர்கள்.

மஸ்கெலியா: கண்டியில் தண்டம் எழுதிவிட்டார்கள். சம்பளம் வர இன்னும் நாள் இருக்கிறது. என்ன செய்வது?

உங்களுக்குக் கொடுத்த தண்டப் பத்திரமே 14 நாளைக்குத் தற்காலிக லைசன். அந்த 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டிவிட்டு, ரசீதைத் தண்டம் எழுதிய பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன் கைக்கு வரும். 14 தாண்டினால் 28 ஆம் நாள் வரை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். அதற்கும் மேல் போனால் நீதிமன்றம். கைமாற்று வாங்கியாவது முதல் 14 நாளுக்குள் கட்டுங்கள். 2025 இல் கவ்பே என்ற முறையில் போனிலேயே கட்டும் வசதியையும் தொடங்கினார்கள். அடுத்த முறை யாராவது மறித்தால், எழுதும் அதிகாரியிடமே அதைக் கேளுங்கள். மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்கு மறுபடி பஸ் ஏறுவது மிச்சம்.

பண்டாரவளை: ஐந்து நிமிஷம்தான் நிறுத்தினேன். அதற்கும் கட்டணமா?

பலகையில் இலவச நேரம் என்று போட்டிருந்தால் இல்லை. போடாவிட்டால் உண்டு.

வெலிமடை, ஆசிரியை: புதிதாக ஓட்டப் பழகினேன். டவுன் முழுக்கச் சரிவு. நிறுத்திவிட்டு இறங்கவே பயமாக இருக்கிறது.

நல்ல கேள்வி டீச்சர். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் ஹேன்ட்பிரேக்கை இழுத்து, ரிவர்ஸ் கியரில் விட்டு, முன் சில்லை இடப்பக்கம், அதாவது வீதி ஓரத்துக்குத் திருப்பி வையுங்கள். ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் முதல் கியர். வீதி ஓரத்தில் உயர்ந்த கல் கட்டு இருந்தால் சில்லை வலப்பக்கம் திருப்புங்கள், பின்னால் உருண்டால் கட்டில் முட்டி நிற்கும். கட்டு இல்லாவிட்டால் இடப்பக்கம். மலைப்பக்கத்துக் கானில் ஒரு சில்லு இறங்கினால் பிறகு தூக்கிக்கொள்ளலாம். டவுனுக்குள் உருண்டால் யார் உயிருக்கு யார் பொறுப்பு? இடப்பக்கம் பள்ளம் என்றால் அந்த இடமே வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், சில்லுக்குக் கல் வைத்தால் போகும்போது அந்தக் கல்லை எடுத்துக் கானோரம் போட்டுவிட்டுப் போங்கள். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஒரு பின்னேரம் வளைவு ஒன்றில், மிஸ்ட் இறங்கிய நேரம், ஒரு பையன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தான். பின்னால் கட்டியிருந்த லீக்ஸ் எல்லாம் வீதியில் சிதறிக் கிடந்தது. பக்கத்தில் கால்பந்து அளவில் ஒரு கருங்கல், அதன் ஒரு பக்கத்தில் டயர் கறுப்பு அப்படியே ஒட்டியிருந்தது. லொறிக்காரர் வைத்த கல். லொறி எப்போதோ போய்விட்டது. பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

கம்பளை: நானும் ஐந்து நிமிஷம்தான்...

மேலே பண்டாரவளைக்காரருக்குச் சொன்னதுதான்.

ஹட்டன், கடைக்காரர்: என் கடைக்கு முன்னால் ஹயர் வான்கள் நாள் முழுக்க நிற்கின்றன. சீனி மூட்டை இறக்க லொறிக்கு இடமில்லை. பழைய டயர் ரெண்டு வைத்தேன். பிழையா?

பிழை முதலாளி. வீதியில் எதையும் வைத்து இடம் பிடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

அதே கடைக்காரர்: வருஷா வருஷம் சோலைவரி கட்டுகிறேனே. வாசல் எனக்கில்லாமல் யாருக்கு?

சோலைவரி உங்கள் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதிக்கு. வாசல் படியோடு அது முடிகிறது. அதற்கு அப்பால் இருப்பது ஏ7 நெடுஞ்சாலை, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது.

டிக்கோயா, வான் சாரதி: அந்த டயரைத் தூக்கிக் கானில் போட்டது நான்தான். அடிக்க வந்தார்.

நீங்களும் தூக்கியிருக்கக் கூடாது. படம் எடுத்துப் போக்குவரத்துப் பொலிஸில் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன்: ஹயர் வராத நேரத்தில் காலை ஏழு முதல் மாலை வரை ஒரே இடத்தில் நிற்பது நியாயமா?

டிக்கோயா, வான் சாரதி: கட்டணம் கட்டித்தானே நிற்கிறோம்?

கட்டணம் கட்டுவது நிறுத்துவதற்கு. அந்த இடம் சொந்தமாகிவிடாது. முதலாளிக்குச் சொன்ன அதே பதில்தான் உங்களுக்கும்.

ஹட்டன், ஒரு தாய்: இவர்கள் சண்டையில் நாங்கள்தான் அகப்படுகிறோம். ஒரு பக்கம் டயர், ஒரு பக்கம் வான். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடுவே இறங்கி நடக்கிறேன்.

முதலாளியும் தம்பியும் இந்த அக்கா சொன்னதை இன்னொரு தரம் வாசியுங்கள். நடைபாதையை விட்டு ஒரு தாய் பஸ்ஸுக்கு முன்னால் இறங்குகிறார் என்றால் மற்ற எல்லா நியாயமும் அப்புறம்தான்.

கடைக்காரர்: அப்போ லொறிக்கு வழி?

வழி இருக்கிறது. தனியாகப் போகாமல் வர்த்தகர் சங்கத்தோடு போங்கள். காலையில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை ஏற்றி இறக்க மட்டும் என்று நேரம் கேட்டு, சபைச் செயலாளருக்கும் போக்குவரத்துப் பொறுப்பதிகாரிக்கும் ஒரே கடிதம் எழுதுங்கள். எந்தக் கடையிலிருந்து எந்தக் கடை வரை, வாரத்தில் எத்தனை லொறி என்று குறிப்பிடுங்கள். வான்காரர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். இரு தரப்பும் சேர்ந்து கேட்ட கடிதத்தைத் தள்ளி வைப்பது எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

டிக்கோயா, வான் சாரதி: நேரம் போட்டால் நாங்கள் விலகி நிற்போம். கையெழுத்தும் வைக்கிறோம்.

சந்தோஷம் தம்பி.

பதுளை: வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க என்னென்ன வேண்டும்?

பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

நாவலப்பிட்டி: நீல வட்டத்தில் சிவப்புக் கோடு ஒன்று, சில இடத்தில் ரெண்டு. என்ன வித்தியாசம்?

ஒரு கோடு என்றால் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. இரண்டு கோடு குறுக்கே போனால் ஆளை ஏற்றி இறக்கக்கூட நிற்கக் கூடாது.

நுவரெலியா: ஐந்து நிமிஷம் நிறுத்தினால்...

தயவுசெய்து மேலே வாசியுங்கள். மூன்றாவது தரம்.

வெலிமடை, ஆசிரியை: கல் வைக்காமல் வேறு என்ன வைக்கலாம்?

மரக்காலையில் டர்பன்டைன் மரத்தின் கழிவுத் துண்டு கேளுங்கள். ஆப்பு மாதிரிச் சரிவாக அறுத்துத் தருவார்கள். ஒரு முனையில் துளை போட்டு, சில்லிலிருந்து கதவின் கைப்பிடி வரை எட்டும் நீளத்துக்குக் கயிறு கட்டுங்கள். கட்டையைச் சில்லுக்கு வைத்ததும் கயிற்றின் மறுமுனையைச் சாரதிப் பக்கக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிடுங்கள். கதவைத் திறக்கப் போனால் கயிறு கையில் படும். என் வண்டியில் பதினோரு வருடமாக அதே கட்டைதான் இருக்கிறது.